வீடியோ பிசியோதெரபி: மேடும் பள்ளமுமான ஊருக்கு எவ்வளவு தூரம் ஒத்துவரும்?

கோத்தகிரியிலிருந்தோ கூடலூரிலிருந்தோ பிசியோதெரபிக்காகக் கோயம்புத்தூர் போய்வந்தால், கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கியே இடுப்பு வலி கூடிவிடும். அதனால் வீட்டிலிருந்தே வீடியோ வழியாகப் பார்க்கும் சேவைக்கு நீலகிரியில் தேவை அதிகம். மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் முழங்கால் தேய்மான வலிக்கும் சாதாரண இடுப்பு வலிக்கும் இதைத் தயங்காமல் பரிந்துரைக்கலாம். 2024இல் லான்செட் இதழில் வந்த ஆஸ்திரேலிய ஆய்வில், நாள்பட்ட முழங்கால் வலிக்கு வீடியோ ஆலோசனை நேரில் பார்ப்பதற்குக் குறையாத பலன் தந்தது. மூன்று மாதத்தில் கொடுத்தது ஐந்தே அமர்வுகள். மீதியெல்லாம் வீட்டில் செய்த பயிற்சி. ஆகவே இருபது, முப்பது அமர்வுக்கு முன்பணம் கேட்கும் பேக்கேஜ் தேவையே இல்லை.

நல்ல சேவையா என்பது முதல் அமர்விலேயே தெரிந்துவிடும். 43 செ.மீ. உயர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த எண் இல்லாமல் ஆறு வாரம் கழித்து முன்னேற்றத்தை எப்படிச் சொல்வது? போன் இடுப்பு உயரத்தில், இரண்டு மூன்று மீட்டர் தள்ளி, படுக்கைவாட்டில் இருக்கட்டும். முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் உருவம் கறுத்துவிடும். கேமராவே எண்ணிக்கை போடும் செயலிகளை அதிகம் நம்ப வேண்டாம். புடவையும் தடித்த ஸ்வெட்டரும் மூட்டை மறைத்துவிடும்; தப்பாகச் செய்தாலும் எண் ஏறும்.

பெரும்பாலான திட்டங்களின் பெரிய குறை, அவை சமதரைக்கு எழுதப்பட்டவை என்பதுதான். சுருட்டிய துண்டை முழங்காலுக்கு அடியில் வைத்து 5 விநாடி அழுத்துவது, காலை நீட்டித் தூக்குவது எல்லாம் தொடக்கத்துக்குச் சரி. ஆனால் குன்னூர்ப் படிகளிலும் எஸ்டேட் பாதையிலும் முழங்காலைப் படுத்துவது இறக்கம். இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தடுத்து நிறுத்த வேண்டும். அந்த வேலையைப் படுத்தபடி செய்யும் பயிற்சி கற்றுத்தராது. 10 செ.மீ. படியில் வலிக்கும் காலில் நின்று, மறுகாலின் குதிகாலை மூன்று விநாடி எடுத்து மெல்லத் தரையில் தொட வேண்டும். முழங்கால் உள்பக்கம் சாயக்கூடாது. 8 முறை, இரண்டு சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். திட்டத்தில் இது இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். அதுவரை ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் கால் முதலில். தடி எதிர்ப்பக்கக் கையில்.

கொழுந்து பறிப்பவர்களுக்கு முதலில் குனியும் முறையை மாற்ற வேண்டும். ஒரு கம்பைத் தலை, மேல்முதுகு, வால் எலும்பு மூன்றிலும் படும்படி பிடித்து, பின்பக்கத்தைப் பின்னே தள்ளிக் குனிந்து பழக வேண்டும். கம்பு விலகினால் முதுகு வளைந்துவிட்டது என்று அர்த்தம். வீடியோவில் கற்றுக்கொடுக்க இதைவிட எளிதானது இல்லை.

பயிற்சியின்போது பத்துக்கு நான்கு வரை வலி இருக்கலாம், மறுநாள் காலைக்குள் பழைய அளவுக்கு இறங்க வேண்டும். இறங்கவில்லையென்றால் நிறுத்திவிடாமல் சுற்றுகளைப் பாதியாக்குங்கள். உறைபனிக் காலத்தில் விடிகாலைப் பயிற்சி வேண்டாம்; வெயில் வந்தபின், பத்து நிமிடம் வீட்டுக்குள் நடந்துவிட்டுத் தொடங்கலாம். வெந்நீர்ப் பையைத் துணி சுற்றி 15 நிமிடம் வைக்கலாம். சர்க்கரை நோயால் கால் மரத்தவர்கள் வைக்கக்கூடாது, சுட்டாலும் தெரியாது. மழைக்காலத்தில் சிக்னல் போகும் என்பதால், பயிற்சி வீடியோக்களை முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள்.

சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறுதல், தொடையிடுக்கில் மரத்துப்போதல், கால் பலம் குறைந்துகொண்டே போதல்: இவற்றில் ஒன்று இருந்தாலும் வீடியோவுக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காய்ச்சலோடு முதுகு வலி, காரணமில்லாத எடைக்குறைவு என்றாலும் முதலில் மருத்துவர்தான். படுக்கையில் இருப்பவர்களுக்கு வீடியோ சேவை சரிவராது; 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் பிசியோதெரபியும் உண்டு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.