போங்கோவுக்கு ஃபைபர்ஸ்கின்: குமரி மாவட்ட ஈரத்துக்குச் சரிவருமா?

தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. ஜூன் முதல் டிசம்பர் வரை காற்றில் ஈரம் குறைவதே இல்லை. விரலால் வாசிக்கிற, சின்னதும் பெரியதுமான இரட்டை டிரம்தான் போங்கோ. அதன் மாட்டுத்தோல் அந்த ஈரத்தைக் குடித்துத் தொய்ந்துவிடும். சாயங்காலம் கீபோர்டோடு சுதி சேர்த்து வைத்த சின்ன டிரம், ராத்திரி கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்டில் பனி இறங்கியதும் அடைத்துப்போன குரலில் பேசும். பறையைக் காய்ச்சுவதுபோல அதையும் தீயில் காட்டி வாசிப்பவர்கள் இன்றும் உண்டு. இந்தத் தொல்லையைத் தீர்க்க ரெமோ கம்பெனியின் ஃபைபர்ஸ்கின் என்ற செயற்கைத் தோல் நல்ல வழி. ஆனால் இரண்டு டிரம்முக்கும் அது ஒரேபோலப் பொருந்தாது.

பாலியெஸ்டர் படலத்தின்மேல் நாரை ஒட்டிச் செய்த ஸ்கின் இது. தடவினால் லேசான சொரசொரப்பு தெரியும், விரல் வழுக்காது. அதே கம்பெனியின் ஸ்கின்டீப் இதைவிட வழவழப்பு, ஓசையிலும் பளிச்சென்று இருக்கும். மைக் வைத்து வாசிக்கும்போது அந்தப் பளிச்சே காதைக் குத்தலாம் என்பதால் நம் ஓட்டு ஃபைபர்ஸ்கின்னுக்குத்தான்.

சின்ன டிரம்மில் இது அருமை. போங்கோவின் அடிப்படைத் தாளமான மார்ட்டில்லோ வாசித்தால் அதன் எட்டு அடியும் தனித்தனியாக விழும், மழை பெய்தாலும் சுதி இறங்காது. பெரிய டிரம்மில் அந்த அளவுக்குத் திருப்தி இல்லை. தோலில் வரும் ‘கும்’ மெலிந்து, பின்னால் ஒரு ரீங்காரம் இழுக்கும். ஸ்கின்னின் அடிப்பக்கம் ஓரமாக விரலகலத்துக்குத் துணி டேப் ஒட்டினால் பாதி அடங்கும். ஸ்டுடியோவில் மட்டும் வாசிப்பவர் பெரியதில் தோலையே விட்டுவைக்கலாம். கொடைவிழா, திருவிழா என்று திறந்த வெளியில் வாசிப்பவர் இரண்டையும் மாற்றுவதே நல்லது.

வாங்குமுன் பழைய தோலைக் கழற்றி அளக்க வேண்டும். அட்டைப்பெட்டியில் 7 இஞ்ச், 8½ இஞ்ச் என்று போட்டிருப்பதை நம்பி ஆர்டர் போடுவதுதான் அதிகம் நடக்கிற தவறு. ஒரே பேரில் வரும் அளவுகள் கம்பெனிக்குக் கம்பெனி சில மில்லிமீட்டர் மாறும். மரக்கூட்டின் மேல்விளிம்பில் வெளிவிட்டம், இரும்பு ரிம்மின் உள்விட்டம், ரிம்மின் உயரம் மூன்றும் வேண்டும். ஸ்கின்னின் வளையம் கூட்டைத் தொடாமல் தாராளமாக இறங்க வேண்டும், ரிம் அதன்மேல் முழுச்சுற்றும் உட்கார வேண்டும். ஸ்கின்னின் கழுத்து, அதாவது வாசிக்கும் பரப்பிலிருந்து வளையம்வரை இறங்கும் பக்கம், குட்டையாக இருந்தால் ரிம் வாசிக்கும் பரப்புக்குமேல் துருத்தி நிற்கும், விரல் இரும்பில் அடிபடும். அதிக ஆழமாக இருந்தால் போல்ட்டின் மரை தீர்ந்துபோகும், ஸ்கின் இறுகாது.

மாட்டுமுன் கூட்டின் விளிம்பைப் பாருங்கள். பல போங்கோக்களின் கூடு ரப்பர் மரம். ரப்பர் தோட்டங்கள் உள்ள குலசேகரம் பக்கத்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம், அந்த மரத்தில் ஈரம் ஏறினால் பூஞ்சை பிடிக்கும், கோணும். இருட்டறையில் கூட்டைக் கண்ணாடிமேல் கவிழ்த்து, மேலே வரும் திறந்த அடிப்பக்கம் வழியாக டார்ச் அடியுங்கள். விளிம்படியில் வெளிச்சம் கசிகிற இடம் பள்ளம். அதே கண்ணாடியில் 220 நம்பர் உப்புத்தாளை ஒட்டி, விளிம்பை வட்டமாகத் தேய்த்துச் சமப்படுத்தி, கையில் குத்தாதபடி ஓரத்தை உருட்டிவிடுங்கள். பிறகு மெழுகுவர்த்தியை விளிம்பில் ஒரு சுற்றுத் தேய்த்தால் ஸ்கின் சிக்காமல் இறங்கும், இறுக்கும்போது கிறீச்சிடாது.

போல்ட் மரையில் கிரீஸ் தடவுங்கள். தேங்காயெண்ணெய் வேண்டாம், தூசியைப் பிடித்துப் பிசுபிசுக்கும். எல்லா நட்டையும் முதலில் கையாலேயே, விரல் தாங்கும்வரை திருகி, ரிம் நாலா பக்கமும் ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகுதான் ஸ்பேனர். நான்கு போல்ட் என்றால் எதிரெதிராக, ஐந்து என்றால் நட்சத்திரம் வரைவதுபோல ஒன்றுவிட்டு ஒன்று, ஒவ்வொன்றுக்கும் கால் சுற்று. ஒரே நட்டை முழுச்சுற்று திருகினால் ரிம் கோணும், அந்த இடத்தில் படலம் வளையத்திலிருந்து உருவிக்கொண்டு வரும். உருவிய ஸ்கின்னைச் சரிசெய்ய முடியாது. நட் அரை இஞ்ச் என்றால் 13ஆம் நம்பர் ஸ்பேனரைப் போடாதீர்கள். 0.3 மில்லிமீட்டர் ஆட்டத்திலேயே நாளடைவில் நட்டின் முனை மழுங்கிவிடும்.

முதல் நாள் நினைத்த சுதிக்குக் கொஞ்சம் கீழே நிறுத்திவிட்டு ஒரு ராத்திரி விடுங்கள். கழுத்து படிந்து சுதி இறங்கியிருக்கும், மறுநாள் கால் சுற்றாக ஏற்றுங்கள். போல்ட்டுக்குப் போல்ட் ஓரத்தில் தட்டிக் கேட்டு, எல்லா இடத்திலும் ஒரே ஓசை வந்தபிறகே நடுவில் அடித்துப் பாருங்கள்.

இந்த ஸ்கின்னை எக்காரணம் கொண்டும் தீயில் காட்டாதீர்கள், படலம் சுருங்கி உருகிவிடும். வாசித்து முடித்ததும் தோலுக்குச் செய்வதுபோல நட்டைத் தளர்த்தவும் வேண்டாம். கொளச்சல், முட்டம் பக்கம் கடலோரத்தில் வாசித்தால் அன்றைக்கே ரிம்மையும் போல்ட்டையும் உலர்ந்த துணியால் துடைத்து, மாதம் ஒருமுறை மரைக்குக் கிரீஸ் போடுங்கள்.