டப்பி டூபொனே வரிசை: நியூ ஆர்லியன்ஸ் வழக்கறிஞரைப் பினாங்கிலிருந்து படிப்பவர்களுக்கு

டோனி டன்பாரின் டப்பி டூபொனே நாவல்களை 'க்ரூக்கெட் மேன்' நாவலில்தான் தொடங்க வேண்டும். 1994-இல் வெளிவந்தது. டப்பி நியூ ஆர்லியன்ஸில் தொழில் செய்யும் வழக்கறிஞர். விவாகரத்தானவர், மூன்று பெண்களுக்குத் தகப்பன், நாக்கு ருசிக்கு அடிமை. மார்டி கிரா விழா நேரத்தில், கஞ்சா வழக்கில் மாட்டிய கட்சிக்காரர் ஒருவர் ஒரு ஜிம் பையை அவரிடம் ஒப்படைக்கிறார். அதற்குள் ஏறக்குறைய பத்து லட்சம் டாலர் ரொக்கம்.

அந்தப் பணத்தை ஏன் அவர் பேசாமல் வங்கியில் போட முடியாது? இது புரிந்தால்தான் கதையின் இறுக்கம் பிடிபடும். அமெரிக்காவில் 10,000 டாலருக்கு மேல் ரொக்கம் வந்தால் வங்கி அரசுக்கு அறிவித்தாக வேண்டும். அதைத் தவிர்க்கச் சிறு சிறு தொகையாகப் பிரித்துப் போடுவது 1986 முதல் தனிக் குற்றம். தொழில்முறையில் அவ்வளவு ரொக்கம் வாங்கும் வழக்கறிஞரும் வருமான வரித் துறைக்குப் படிவம் நிரப்ப வேண்டும். நம் நாட்டிலும் கட்சிக்காரர் பணம் தனிக் கணக்கில்தான் இருக்க வேண்டும். சந்தேகத்துக்குரிய பணமென்றால் 2001-ஆம் ஆண்டின் பணமோசடித் தடுப்புச் சட்டம் குறுக்கே வரும். ஆக, டப்பியின் கையில் இருப்பது செலவழிக்க முடியாத பணம். அவருடைய சபலமும் பயமும் நாவல் முழுக்க ஓடுவது இதனால்தான். ஆசிரியரே அந்த ஊர் வழக்கறிஞர் என்பதால் அலுவலகக் காட்சிகளில் பொய்த்தன்மை இல்லை.

கொலையாளி யார் என்ற புதிருக்காக இவற்றை வாங்கினால் ஏமாற்றமே மிஞ்சும். முடிச்சுகள் பல இடங்களில் தற்செயலால் அவிழ்கின்றன. கூர்மையான வாசகர் பாதியிலேயே ஊகித்துவிடுவார். ஒரு நகரத்தில் சட்டம் எப்படிக் கைமாறுகிறது, யார் யாருக்குக் கடன்பட்டிருக்கிறார்கள் என்பதைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு மட்டும் மனமாரப் பரிந்துரைக்கலாம்.

நம் ஊர் வாசகர் இடறும் இடங்கள் சில உண்டு. ஜார்ஜ்டவுனுக்கு 1807-இல் அரச சாசனத்தோடு ஆங்கிலேயச் சட்டமும் நீதிமன்றமும் வந்தன. மறு ஆண்டே, 1808-இல், நியூ ஆர்லியன்ஸ் அடங்கிய லூசியானா பிரெஞ்சு, ஸ்பானிய மரபில் தன் சிவில் சட்டத்தைத் தொகுத்துக்கொண்டது. சொத்து, வாரிசுரிமை விவகாரங்களில் அங்கே இன்றும் அந்த மரபுதான். பாரிஷ் என்று வருவதை மாவட்டம் என்று எடுத்துக்கொண்டு மேலே போகலாம்.

ஜூரி விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். மலேசியாவில் 1995-இலேயே ஜூரி முறை போய்விட்டது. லூசியானாவிலோ, இந்நாவல்கள் வந்த தொண்ணூறுகளில், மரண தண்டனைக்குரிய வழக்கு நீங்கலாக மற்றப் பெருங்குற்றங்களுக்குப் பன்னிரண்டில் பத்துப் பேர் ஒத்துக்கொண்டாலே தண்டனைதான். 2018 வாக்கெடுப்பில்தான் மக்கள் அதை மாற்றினார்கள். அதுவரை அங்கே ஒரு ஜூரியின் மனத்தைக் கலைத்தால் போதாது, வழக்கறிஞர் மூன்று பேரைத் தன் பக்கம் இழுக்க வேண்டியிருந்தது. மூன்றாவது நாவலான 'ட்ரிக் கொஸ்சன்' படிக்குமுன் இதை மனத்தில் இருத்துங்கள். மருத்துவ ஆய்வுக்கூடத்தில் உறைந்த மனிதத் தலையோடு பிடிபட்ட துப்புரவுத் தொழிலாளிக்காக டப்பி வாதாடும் கதை அது. வரிசையில் ஆகச் சிறந்தது இதுவே என்பேன்.

இன்னொன்று, அங்கே நீதிபதிகளும் அரசுத் தலைமை வழக்கறிஞரும் தேர்தலில் நின்று ஜெயித்து வருகிறவர்கள். நீதிபதிகள் நியமனம் பெறும் நாட்டில் இருந்து படிக்கும்போது, 'லக்கி மேன்' நாவலில் அரசு வழக்கறிஞர் நீதிபதிகள் மீது பாய்வது மிகையாகத் தோன்றும். ஓட்டு என்ற ஒன்றை நினைவில் வைத்தால் தோன்றாது. விபத்து வழக்குகளுக்கு டப்பி ஏங்குவதற்கும் காரணம் உண்டு: ஜெயித்தால் இழப்பீட்டில் மூன்றில் ஒரு பங்குபோல வழக்கறிஞருக்குக் கிடைக்கும். நம் 1976-ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டம் அத்தகைய பங்குப் பேச்சையே தடுக்கிறது.

மார்டி கிரா வர்ணனைகள் பினாங்குக்காரர்களுக்கு எளிதில் ஒட்டிக்கொள்ளும். தைப்பூசத்தன்று ரதம் தண்ணீர்மலைக்குப் போகும் பாதையில் கார் ஓட்டப் பார்த்தவர்களுக்கு, ஊர்வலம் போகும்போது செயின்ட் சார்ல்ஸ் அவென்யூவைக் கடக்க முடியாமல் டப்பி தவிப்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஜனவரி 6-இல் தொடங்கும் விழாக்காலம் சாம்பல் புதனுக்கு முந்திய நாளோடு முடிகிறது. அலங்கார வண்டிகளில் இருந்து மணிமாலைகளை வீசுவார்கள். சாப்பாட்டுப் பகுதிகளைத் தாண்டிவிடாதீர்கள். கம்போ என்பது மாவையும் கொழுப்பையும் கருஞ்சிவப்பாகும் வரை கிளறி, வெங்காயம், செலரி, குடைமிளகாய் சேர்த்து, பெரும்பாலும் வெண்டைக்காயால் கெட்டியாக்கும் குழம்பு. சோறோடுதான் சாப்பிடுவார்கள்.

இரண்டாவது நாவலான 'சிட்டி ஆஃப் பீட்ஸ்' சூதாட்ட விடுதி அரசியலும் ஆற்று மாசும் பேசுகிறது, நடுப்பகுதி இழுவை. நான்காவதான 'ஷெல்டர் ஃப்ரம் தி ஸ்டார்ம்', விழா நேரத்து அடைமழையில் நடக்கும் வங்கிக் கொள்ளை. அதன் பின்விளைவாகத்தான் ஐந்தாவதான 'தி க்ரைம் ஸார்' நகர்கிறது என்பதால் இந்த இரண்டையும் மாற்றிப் படித்தால் முக்கியமான ஒரு சாவு உறைக்காமல் போகும்.

பலர் செய்கிற தவறு, 2006-இல் வந்த 'டப்பி மீட்ஸ் கட்ரீனா'வை முதலில் எடுப்பது. 2005 ஆகஸ்ட் 29 புயலில் கால்வாய்க் கரைகள் உடைந்து நகரத்தின் ஏறத்தாழ 80 விழுக்காடு நீரில் மூழ்கியது. 2017 நவம்பரில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறியதைப் பார்த்த நம்மவர்களுக்கு அந்தப் பக்கங்கள் கனக்கும். தப்பியோடிய குற்றவாளியின் கதை மெல்லியதுதான். வெறிச்சோடிய ஊரின் சித்திரிப்புதான் நாவலைத் தாங்குகிறது. முந்தைய ஆறு நாவல்களிலும் அந்தத் தெருக்களில் நடந்து பழகியவர்களுக்கே அந்த இழப்பின் அளவு தெரியும்.

பழைய காகிதப் பதிப்புகளுக்காக சௌராஸ்தா மார்க்கெட் மாடியின் பழைய புத்தகக் கடைகளில் தேடலாம், ஆனால் வரிசை முழுதாகச் சேரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மின்னூலில் தனித்தனியாகவும் தொகுப்பாகவும் இருக்கின்றன. தொகுப்புக்குள் எந்தெந்த நாவல் அடங்கியிருக்கிறது என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். இல்லாவிட்டால் 'க்ரூக்கெட் மேன்' இரண்டு தடவை வந்து சேரும்.