போகிமான் கோல்டு: கடிகாரம் கொடுத்தது, கடிகாரமே தின்றது

நின்டெண்டோவின் கேம்பாய் என்ற கையடக்கக் கருவியில் செருகி ஆடும் பழைய போகிமான் கோல்டு ஆட்டத்தின் கார்ட்ரிட்ஜ் ஒன்று விலைக்கு வருகிறது, வாங்கலாமா என்று கேட்பவர்கள் லேபிள் கிழியாமல் இருக்கிறதா, அசலா நகலா என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. உள்ளே இருக்கும் பேட்டரி எந்தக் காலத்தது?

1996 பிப்ரவரி 27 அன்று ஜப்பானில் முதல் போகிமான் ஆட்டங்களான ரெட், கிரீன் வெளிவந்தபோதே இந்தத் தொல்லையும் கூடப் பிறந்தது. ஆட்டம் பதிந்திருக்கும் சிப்புக்கு மின்சாரம் இல்லாவிட்டாலும் ஒன்றும் ஆகாது. உங்கள் சேவ், அதாவது நீங்கள் ஆடிச் சேமித்த பதிவு, உட்கார்ந்திருக்கும் எஸ்-ரேம் சிப் அப்படி இல்லை. மின்சாரம் ஒரு கணம் விட்டுப்போனால் எல்லாம் மறந்துவிடும். கேம்பாய் அணைந்திருக்கும் நேரமெல்லாம் அதற்குச் சோறு போடுவது ஒரு 3 வோல்ட் பொத்தான் பேட்டரி. ரெட், ப்ளூவில் பெரும்பாலும் சிஆர்1616, அடுத்த தலைமுறை ஆட்டங்களான கோல்டு, சில்வர், கிரிஸ்டலில் சிஆர்2025. முதலாவதன் கொள்ளளவு சுமார் 50 மில்லி ஆம்பியர் மணி, இரண்டாவது 160 அளவில். மூன்று மடங்கு பெரிய பேட்டரி இருந்தும் முதலில் சாவது கோல்டுதான். 1998இல் அமெரிக்காவில் வந்த ரெட் கார்ட்ரிட்ஜ்களில் பழைய பேட்டரியோடே சேவ் நிற்பவை இன்னும் தென்படுகின்றன. அதற்குப் பின் வந்த கோல்டில் அது அபூர்வம்.

காரணம், அந்த ஆட்டத்தின் மிகச் சிறந்த அம்சமேதான். கோல்டு கார்ட்ரிட்ஜுக்குள் எம்பிசி3 என்ற சிப்பும் 32.768 கிலோஹெர்ட்ஸ் படிகமும் சேர்ந்து ஒரு நிஜக் கடிகாரத்தை ஓட்டுகின்றன. கேம்பாய் அலமாரியில் கிடந்தாலும் அது ஓடிக்கொண்டே இருக்கும், பேட்டரியைக் குடித்துக்கொண்டே இருக்கும்.

அந்தக் கடிகாரத்தைக் குறை சொல்ல மனம் வரவில்லை என்பதுதான் எரிச்சலே. காலை 4 முதல் 10 வரை ஒரு நிறம், மாலை 6 வரை ஒரு நிறம், அதற்குப் பிறகு இருட்டு. ஹூட்ஹூட் என்ற ஆந்தைப் போகிமான் இரவில்தான் கிளம்பும். பூச்சி பிடிக்கும் போட்டி செவ்வாய், வியாழன், சனி. யூனியன் குகையின் அடியில் லாப்ரஸ் என்ற போகிமான் வருவது வெள்ளிக்கிழமை மட்டும். கர்ட் என்ற கைவினைஞரிடம் ஏப்ரிகார்ன் காயைக் கொடுத்தால், போகிமான் பிடிக்கும் பந்து மறுநாள்தான் கிடைக்கும். 1999இல், எட்டு பிட் கருவி ஒன்றில், நீங்கள் விளையாடாத நேரத்திலும் ஊர் நடந்துகொண்டிருக்கிறது என்ற நினைப்பை உண்டாக்கியது இது. முதல் ஆட்டங்கள் நடந்த கான்டோ நிலப்பகுதி முழுவதும் இரண்டாம் பாதியாக உள்ளே இருப்பதுகூட எனக்கு இதற்கு அடுத்த இடம்தான்.

ஆனால் பேட்டரி தீரும்போது ஆட்டம் வாயே திறக்காது. சேவ் கொடுத்தால் ‘சேவ் ஆகிவிட்டது’ என்றே காட்டும், ஏனென்றால் அந்த நேரத்தில் எஸ்-ரேமுக்கு மின்சாரம் கேம்பாயிலிருந்து வருகிறது. அணைத்து மறுபடி போட்டால் ‘கன்டினியூ’ வரி காணாமல் போயிருக்கும். போராடி வென்ற எட்டு பேட்ஜும் போய்விடும். 2002இல் வந்த அடுத்த தலைமுறை ஆட்டங்களான ரூபி, சஃபையர் இந்த விஷயத்தில் எவ்வளவோ நேர்மை. அவற்றில் சேவ் ஃபிளாஷ் நினைவகத்துக்குப் போய்விட்டது, பேட்டரி கடிகாரத்துக்கு மட்டும். தீர்ந்தால் தொடங்கும்போதே திரையில் சொல்லிவிடும். பெர்ரி வளராது, ஷோல் குகையில் அலை ஏறி இறங்காது, ஆனால் சேவ் அப்படியே நிற்கும்.

சரிசெய்வது பெரிய வேலை இல்லை, அவசரப்படாமல் இருந்தால். ‘கன்டினியூ’ இன்னும் தெரிகிறது என்றால் திருப்புளியைத் தொடுவதற்கு முன் சேவை வெளியே எடுங்கள். ஜிபிஎக்ஸ்கார்ட் ஆர்டபிள்யூ போன்ற ரீடரில் செருகினால் 32 கிலோபைட் கோப்பாகக் கணினிக்கு வந்துவிடும். பேட்டரி மாற்றியபின் அதையே திருப்பி எழுதலாம். கார்ட்ரிட்ஜைக் கேம்பாயில் ஓடவிட்டபடியே பேட்டரி மாற்றுவது ஒரு பழைய வித்தை. கை ஒருமுறை நழுவினால் சேவும் போகும், பலகையும் போகலாம். ரீடர் இருக்கும்போது அந்தச் சாகசம் எதற்கு?

பின்புறத் திருகுக்குச் சாதாரண ஸ்க்ரூடிரைவர் பொருந்தாது, அந்தத் திருகுக்கென்றே உள்ள 3.8 மில்லிமீட்டர் கேம்பிட் முனை வேண்டும். பேட்டரியின் இரு பக்கமும் உலோகக் காதுகள் ஸ்பாட் வெல்டு ஆகியிருக்கும். பிடுங்க வேண்டியது காதுக்கும் பேட்டரிக்கும் நடுவில் அல்ல, காதுக்கும் பலகைக்கும் நடுவில். சால்டரிங் அயர்ன் 350 டிகிரி அளவில் இருக்கட்டும். பழைய ஈயத்தின் மேல் கொஞ்சம் புது ஈயம் வைத்துச் சூடாக்கினால் காது தானாக எழும். எழாவிட்டால் இழுக்காதீர்கள், அடியில் இருக்கும் செப்புத் தகடு உரிந்து வந்துவிடும்.

வாங்கும்போதே காது வைத்த சிஆர்2025 கேட்டு வாங்குங்கள். கைக்கடிகாரக் கடையில் கிடைக்கும் மொட்டைப் பேட்டரியின் மேல் நேரடியாக ஈயம் வைப்பது ஆபத்து, சூட்டில் லித்தியம் பேட்டரி வெடிக்கலாம். அதைப் பழைய காதுகளுக்கு இடையில் செருகி இன்சுலேஷன் டேப் சுற்றும் ஆட்களும் உண்டு. ஒருமுறை கீழே விழுந்தால் தொடர்பு விட்டுப்போகும், சேவும் அதோடு சரி. சிஆர்2032 இன்னும் நாள் தாங்கும், ஆனால் 0.7 மில்லிமீட்டர் தடிமன் கூடுதல். கார்ட்ரிட்ஜின் மேலோட்டை மூடும்போது அது விம்முகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பலகையில் அச்சிட்டிருக்கும் கூட்டல், கழித்தல் குறிகளைப் பார்த்து வையுங்கள். மூடுவதற்கு முன் மல்டிமீட்டரில் 3 வோல்ட்டோ சற்று மேலோ காட்ட வேண்டும்.

கடிகாரத்தைத் திரும்ப வைப்பதும் லேசில்லை. தலைப்புத் திரையில் கீழ் அம்பு, செலக்ட், பி மூன்றையும் அழுத்தினால் வரும் மறைவான வழிக்கு ஒரு கடவு எண் வேண்டும். பெயர், ஐடி எண், கையிருப்புப் பணம் மூன்றையும் வைத்து அது கணக்காகிறது. கணக்கிட்டுத் தரும் நிரல்கள் இணையத்தில் கிடைக்கின்றன.

இந்தத் தலைவலி எதுவும் இல்லாமல் நின்டெண்டோவின் பிற்காலக் கருவியான 3டிஎஸ்ஸின் இணையக் கடையில் 2017 முதல் கோல்டு கிடைத்தது. 2023 மார்ச்சில் அந்தக் கடையில் விற்பனை நின்றுவிட்டது. டிஎஸ் கருவியில் கோல்டின் மறு உருவாக்கமாக வந்த ஹார்ட்கோல்டில் கார்ட்ரிட்ஜுக்குள் கடிகாரப் பேட்டரியே இல்லை, நேரத்தைக் கருவியிடமிருந்து எடுத்துக்கொள்கிறது.

ஆக, வாங்கலாமா? வேண்டாம். இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்வது முரண்தான். போகட்டும். பழைய கேம்பாயிலேயே ஆட வேண்டும் என்றால் ரெட் வாங்குங்கள், கோல்டின் கதை நடக்கும் ஜொட்டோ நிலப்பகுதி வேண்டும் என்றால் ஹார்ட்கோல்டு. இல்லை, கோல்டுதான் என்று அடம்பிடித்தால், விற்பவரை ஒரு சேவ் போட்டு அணைத்து வைக்கச் சொல்லுங்கள். ஓர் இரவு கழித்து, கண்ணெதிரே ‘கன்டினியூ’ வந்தால் விலை பேசுங்கள். வராவிட்டால் பேட்டரிக்கும் கூலிக்கும் ஆகும் செலவைக் கழித்துக் கேளுங்கள். “நேற்று வரை நன்றாக ஓடியது” என்ற பதிலுக்கு ஒரு பைசாகூட அதிகம் கொடுக்காதீர்கள்.