குடிப்பவருக்குத் தெரியாமல் கலந்து கொடுக்கச் சொல்லும் பொடியை வாங்காதீர்கள்

"குடிப்பவருக்குத் தெரியாமலேயே குடியை மறக்கடிக்கலாம்" என்ற விளம்பரத்தைப் பார்த்து, என் அண்ணனுக்காக நான் ஒரு பொடி வாங்கினேன். தொலைபேசியில் பேசியவர் அவருடைய வயதையோ, வேறு நோய்களையோ, உட்கொள்ளும் மாத்திரைகளையோ கேட்கவில்லை. ஒரு நாளைக்கு எவ்வளவு குடிப்பார் என்று மட்டும் கேட்டுவிட்டு, மூலிகைதான், பக்கவிளைவே கிடையாது என்று சொல்லி இரண்டு மாதத்துக்கான பணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்.

வந்த பொட்டலத்தில் மருந்தின் பெயரோ, உட்பொருள்களோ, தயாரித்தவரின் முகவரியோ, காலாவதித் தேதியோ அச்சிடப்படவில்லை. வெளிறிய பொடியும், அளப்பதற்கு ஒரு சின்னப் பிளாஸ்டிக் கரண்டியும் மட்டுமே இருந்தன. அண்ணி தயங்கினார், நான்தான் வற்புறுத்திக் காலைச் சாப்பாட்டில் கலக்க வைத்தேன். அன்றிரவு அண்ணன் தலைவலி என்று சீக்கிரமே படுத்துவிட, பொடி வேலை செய்கிறது என்று நான் உள்ளூர மகிழ்ந்தேன்.

மறுநாள் இரவு, குடித்த சிறிது நேரத்திலேயே அவருடைய முகமும் கழுத்தும் தீப்பட்டதுபோல் சிவந்தன. அடக்க முடியாத வாந்தியும் படபடப்பும் மூச்சுத்திணறலுமாக அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு சென்றபோது இரத்த அழுத்தம் வெகுவாகக் குறைந்திருந்தது. என்ன மருந்து கொடுத்தீர்கள் என்று மருத்துவர் கேட்டார். நான் பொட்டலத்தை நீட்டினேன். அவர் அதை இருபுறமும் திருப்பிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

டைசல்ஃபிராம் கலந்திருக்கலாம் என்பது அவருடைய சந்தேகம். மது உடலில் அசெட்டால்டிஹைடு என்ற நச்சாக மாறி, பிறகு ஒரு நொதியால் சிதைக்கப்படுகிறது. அந்த நொதியை டைசல்ஃபிராம் முடக்கிவிடுவதால் நச்சு தேங்கி இத்தனை கோளாறுகளையும் உண்டாக்குகிறது. இது மோசடி மருந்து அன்று. 1940களின் இறுதியிலிருந்தே மருத்துவத்தில் இருப்பதுதான். ஆனால் நோயாளியின் முழுச் சம்மதத்தோடு, கடைசியாகக் குடித்துக் குறைந்தது 12 மணி நேரம் கழிந்த பிறகே தொடங்க வேண்டியது. நிறுத்திய பின்னும் ஏறத்தாழ 14 நாட்கள் வரை அதன் விளைவு நீடிக்கக்கூடும் என்பதால், ஆல்கஹால் கலந்த இருமல் மருந்தைக்கூடத் தவிர்க்க வேண்டும். தான் எதை உட்கொண்டோம் என்றே அறியாதவர் எதைத் தவிர்ப்பார்?

விற்றவரை அழைத்தேன். "மருந்து பிடித்துவிட்டது என்பதற்கு அதுதானே அடையாளம்? பாதிக் கரண்டியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்" என்றார், சற்றும் பதறாமல். பணத்தைத் திருப்பிக் கேட்ட பிறகு அந்த எண் எடுக்கப்படவே இல்லை.

இன்னொன்றையும் அந்த மருத்துவரிடம்தான் அறிந்தேன். நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் மனக்குழப்பமும் மாயத்தோற்றங்களும் தோன்றி, உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே, பொடி பலித்திருந்தாலும் வீட்டில் வைத்துச் சமாளித்திருக்க முடியாது.

அண்ணன் இப்போது தாமாகவே மனநல மருத்துவரிடம் சென்று வருகிறார். குடிக்கும் வேட்கையைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன் என்ற மாத்திரையை, விவரம் கேட்டறிந்த பிறகே எடுத்துக்கொள்கிறார். பொடியைப் பற்றி அவரிடம் நானே சொன்னேன். அவர் கோபப்படவில்லை. ஆனால் அன்று முதல் நான் தண்ணீர் கொடுத்தால்கூட வாங்குவதில்லை. குவளையைத் தாமே கழுவி, தாமே நிரப்பிக்கொள்கிறார்.