பட்டி ரயனா, டிக் லெபோவா, யார் பெரியவர்?

அமெரிக்கக் கால்பந்தில் தடுப்பாட்டப் பயிற்சியாளர் என்றாலே எனக்கு இந்த இருவர்தான். ரயனின் '46' தடுப்பு (டக் பிளாங்க் போட்டிருந்த சட்டையின் எண் அது) எட்டுப் பேரை முன்னால் குவித்து, குவார்ட்டர்பேக் (எதிரணியில் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர்) யோசிப்பதற்குள் அவர்மேல் பாயும். 1985 சீசனில் சிகாகோ பேர்ஸ் அணி சூப்பர் பவுலை (சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதிப் போட்டி) 46-10 என்று வென்றது அதை வைத்துத்தான். லெபோ வேறு மாதிரி. அவருடைய ஸோன் பிளிட்ஸ் என்ற உத்தியில், பாயப்போகிறார் என்று நினைத்த லைன்மேன் (முன்வரிசை வீரர்) பின்வாங்கிப் பாஸை மறிப்பார், எதிர்பாராத பக்கத்திலிருந்து இன்னொருவர் வருவார், பந்தை எறிகிறவருக்கு யாரைப் பார்ப்பதென்றே தெரியாது.

தலைமைப் பயிற்சியாளராக இருவருமே சோபிக்கவில்லை: ரயன் பிளேஆஃபில் (சீசன் முடிவில் நடக்கும் நாக்அவுட் சுற்று) ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை, சின்சினாட்டி பெங்கால்ஸ் அணியில் லெபோவுக்கு 12 வெற்றி, 33 தோல்வி. ஆனால் அப்புறம் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணிக்குத் தடுப்பாட்டப் பயிற்சியாளராகத் திரும்பி 2005, 2008 சீசன்களில் கோப்பை வென்றாரே, அதனால் என் ஓட்டு லெபோவுக்குத்தான்.