மொட்டைமாடி ஷீட்டுக்கு மணல் மூட்டையா, கயிறா, போல்ட்டா?

வேலூருக்குப் புயல் எங்கே வரப்போகிறது என்றுதான் நானும் இருந்தேன். கடற்கரை இங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல். 2020 நவம்பர் 25 நள்ளிரவை ஒட்டி நிவர் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்து, வலுவிழந்துகொண்டே வடமேற்காக நம்ம பக்கம் வந்தது. மறுநாள் விடியற்காலை, சத்துவாச்சாரியில் எங்கள் மாடியில் ஓரத்துத் தகர ஷீட் ஒன்று மூலையில் மட்டும் எழும்பி எழும்பி அடித்தது. அரை மணி நேரம் அந்தச் சத்தம். அப்புறம் சத்தம் நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தால் ஷீட் தெருவில் கிடக்கிறது, பால்காரர் வருகிற நேரம். யார் மேலும் விழவில்லை.

நம்ம ஊர் வெயிலுக்கு மாடியில் ஷீட் போடாத வீடு குறைவு. நாலு பக்கமும் திறந்த கொட்டகை. காற்று ஷீட்டை மேலிருந்து உறிஞ்சும், அடியில் புகுந்தும் தள்ளும். மூலையிலும் ஓரத்திலும் இழுப்பு ரொம்ப அதிகம். அதனால் புரட்டாசியிலேயே இந்த வேலையை முடிக்கச் சொல்கிறேன்.

முதலில் எல்லாரும் செய்வது மணல் மூட்டை. செலவில்லை, ஆள் தேவையில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 65 கிலோமீட்டர் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 20 கிலோ. 108 கிலோமீட்டர் என்றால் 55 கிலோ. பத்தடி ஷீட் மூன்று சதுர மீட்டருக்குக் குறையாது, சொந்த எடை பதினைந்து கிலோதான் இருக்கும். 25 கிலோ மூட்டை ஒன்றை வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியாது, அதுவும் ஓரத்து ஷீட்டில். இன்னொரு தொல்லையும் உண்டு. வேலூர் வெயிலில் பிளாஸ்டிக் சாக்கு சில மாதத்தில் பொடிந்துவிடும். எங்கள் மாடியில் அப்படிக் கொட்டிய மணல் மழைநீர்க் குழாய்க்குள் இறங்கி அடைத்து, கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. கைவிட்டுத் தோண்டித்தான் எடுத்தேன்.

அடுத்தது கயிறு. நைலான் கயிறு நனைந்தால் இளகும், ஷீட் விளிம்பில் உராய்ந்து அறுந்தும் போகும். கம்பிக் கயிறு தாங்கும். ஆனால் அதை எதில் கட்டுகிறோம்? பெரும்பாலும் கைப்பிடிச் சுவரில். செங்கல்லை அடுக்கிப் பூசிய அந்தச் சுவர் பக்கவாட்டு இழுப்பைத் தாங்கக் கட்டியதல்ல. கம்பி நிற்கும், சுவர் சாயும், கீழே ஆள் இருப்பார்கள். 2021 நவம்பர் 19 அன்று பேரணாம்பட்டில் கனமழையில் வீடு இடிந்து 9 பேர் இறந்ததை மறந்திருக்க மாட்டோம். ஊறிப்போன சுவரை நம்பி எதையும் கட்டாதீர்கள். கயிறுதான் என்றால் தூணின் அடியில் கட்டுங்கள்.

என் ஓட்டு போல்ட்டுக்குத்தான். அதிலும் எந்த போல்ட் என்பது முக்கியம். வழக்கமான ஜே போல்ட் ஒற்றைக் கொக்கி. காற்று திரும்பத் திரும்பத் தூக்கும்போது கொக்கி விரிந்து, ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டமான பர்லினிலிருந்து கழன்றுவிடும். தெருவில் விழுந்த எங்கள் ஷீட்டில் இரண்டு ஜே போல்ட்டும் தொங்கிக்கொண்டிருந்தன, கொக்கி கிட்டத்தட்ட நேராகியிருந்தது. யூ போல்ட் பர்லினைச் சுற்றிப் பிடித்து இரண்டு முனையிலும் நட்டு போட்டு நிற்கும். ஓட்டை இரண்டு மடங்கு, ஒழுகும் இடமும் இரண்டு மடங்கு என்ற குறை உண்மைதான். அகலமான வாஷரும் அடியில் ரப்பரும் போட்டு, ஷீட்டின் மேட்டில் மட்டும் துளைத்தால் ஒழுகல் கட்டுக்குள் இருக்கும். பள்ளத்தில் துளைக்கவே விடாதீர்கள். ஓரத்துப் பர்லினில் ஒவ்வொரு மேட்டிலும் ஒரு பிடி, நடுவில் ஒன்றுவிட்டு ஒன்று போதும். பழைய ரப்பர் வாஷரை நகத்தால் அழுத்திப் பாருங்கள். விரிசல் விட்டிருந்தால் மாற்ற வேண்டியதுதான். தூணின் அடித்தகடு தளத்தில் போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறதா, வெறும் சிமென்ட் பூசி நிற்கிறதா என்பதையும் பாருங்கள். இல்லாவிட்டால் கொட்டகையே மொத்தமாக எழும்பும். சிமென்ட் ஷீட் மேல் நேராகக் கால் வைக்காமல், பர்லின் மேல் பலகை போட்டு நடக்கச் சொல்லுங்கள்.

நாலைந்து ஷீட் போட்ட சின்னப் பந்தல் என்றால் கழற்றி உள்ளே வைத்துவிடலாம், எச்சரிக்கை வந்த பிறகும் நேரம் இருக்கும். சிமென்ட் ஷீட்டுக்கு இது ஒத்துவராது, கழற்றும்போதே உடையும்.

பழவேற்காட்டு நண்பர் வீட்டிலும் வருஷா வருஷம் இதே மாதிரி ஒரு வாதம்: ஃபைபர் படகைத் தண்ணீரிலேயே கட்டி விடுவதா, கரைக்கு இழுப்பதா? கட்டி விட்டால் சிரமமில்லை. ஆனால் புயலில் பக்கத்துப் படகோடு விடிய விடிய மோதி விலா உடையும். கூண்டு ஏற்றுவதற்கு முன்பே இன்ஜினையும் வலையையும் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டு, ஆள் சேர்த்து மேட்டுக்கு இழுப்பதுதான் அவர் வழக்கம். நானும் அந்தப் பக்கம்தான்.

கடைசியாக, மாடித் தொட்டி. காலியான பிளாஸ்டிக் தொட்டியைக் காற்று உருட்டிவிடும், 500 லிட்டர் நிறைந்த தொட்டி அரை டன். கரண்ட் போவதற்கு முன் மோட்டார் போட்டு நிரப்பிவிடுங்கள், மூடியைக் கம்பியால் கட்டிவிடுங்கள். இரண்டு நாள் கரண்ட் இல்லாவிட்டாலும் குடிக்க, குளிக்கத் தண்ணீர் இருக்கும்.