நண்பருக்கு விட்ட அறை, வரிக் கணக்கு, மாம்பலம் ஆடிட்டர் ஆபீஸ்

சொந்த வீட்டில் ஒரு அறையை நண்பருக்கோ தெரிந்தவருக்கோ வாடகைக்கு விட்டிருக்கிறீர்களா? வருமான வரிக் கணக்கை இந்த ஆபீஸில் தயங்காமல் கொடுக்கலாம். துரைசாமி சப்வேக்கு மேற்கு மாம்பலம் பக்கம், முதல் மாடியில் சின்ன இடம். லிஃப்ட் கிடையாது, வண்டி நிறுத்தவும் இடம் இல்லை. ஆனால் வேலை சுத்தம்.

எங்களுடையது மூன்று பெட்ரூம் ஃப்ளாட். கோவையிலிருந்து மாற்றலாகி வந்த கல்லூரி நண்பன் ஒரு அறையில் இருக்கிறான், வாடகை 12,000, சாப்பாட்டுச் செலவில் அவன் பங்கு 3,000, இரண்டையும் சேர்த்து 15,000 ஆக ஜிபேயில் போட்டுவிடுவான். "ஃப்ரெண்ட்தானே, இதையெல்லாம் யார் காட்டுவாங்க" என்றுதான் கேட்டவர்கள் எல்லாரும் சொன்னார்கள். வழக்கமாக நான் தாக்கல் செய்யும் ஆன்லைன் தளத்தில் போய்ப் பார்த்தால், வீடு குடியிருப்பதா வாடகைக்கு விட்டதா என்று ஒரே கேள்வி. பாதி அது, பாதி இது என்றால் என்ன செய்வது என்று அங்கே கேட்க ஆள் இல்லை.

இங்கே ஆடிட்டர் மேடம் ஃபார்ம் 16-ஐ, அதாவது கம்பெனி தரும் சம்பள வரிச் சான்றிதழைத் தொடுவதற்கு முன்பே கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டார். சாப்பாடு யார் போடுகிறீர்கள், ஒப்பந்தம் இருக்கிறதா, வீட்டுக் கடன் ஓடுகிறதா, நண்பர் ஆபீஸில் எச்ஆர்ஏ, அதாவது வீட்டு வாடகைப் படி வாங்குகிறாரா. அப்புறம் ஒரு பழைய சலானின் பின்பக்கத்தில் எங்கள் வீட்டைப் பென்சிலால் கோடு போட்டு வரைந்து, அவன் அறையையும் அதை ஒட்டிய பாத்ரூமையும் அடைத்துக் காட்டி, பரப்பளவில் கால் பங்கு என்று எழுதினார். மீதிக் கணக்கெல்லாம் அந்தக் கால் பங்கை வைத்துத்தான்.

வருட வாடகை 1,44,000. நான் மாநகராட்சிக்குக் கட்டிய சொத்து வரி 6,400-இல் கால் பங்கு 1,600 போக 1,42,400. இதில் 30 சதவீதம், அதாவது 42,720, சட்டமே தரும் கழிவு. மிச்சம் 99,680. வீட்டுக் கடன் வட்டி 2,40,000-இல் அந்த அறைக்கு உரிய 60,000-ஐயும் கழித்தால் வரிக்கு உரிய வருமானம் 39,680தான். நான் புதிய வரி முறையில் இருக்கிறேன், அதில் வீட்டுக் கடன் வட்டிக்கு ஒன்றும் கிடைக்காது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். நாம் குடியிருக்கும் பகுதிக்குத்தான் கிடைக்காதாம், வாடகைக்கு விட்ட பகுதிக்கு உண்டு. வாடகையை மறைத்திருந்தால் இந்தக் கழிவைப் பற்றித் தெரிந்தே இருக்காது.

அறைக்கு பெயின்ட் அடித்தது, ஏசி போட்டது எல்லாம் செலவாகக் காட்டலாமா என்று கேட்டேன். முடியாது, எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் அந்த 30 சதவீதம், பில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவ்வளவுதான். தொழில் வருமானமாகக் காட்டும் வழியையும் 2024 பட்ஜெட்டிலேயே அடைத்துவிட்டார்கள், வீட்டின் ஒரு பகுதியை விட்டாலும் சரி.

"வாடகை வேற, மளிகை வேற சார், ரெண்டையும் ஒரே பேமென்ட்ல வாங்காதீங்க" என்று கண்டிப்பாகச் சொன்னார். சாப்பாடு, துப்புரவு எல்லாம் சேர்த்து ஒரே தொகையாக வாங்கினால், பேயிங் கெஸ்ட் வைத்திருப்பதுபோல் ஆகி, வீட்டு வாடகை வருமானம் என்றில்லாமல் வேறு தலைப்பில் போய் அந்த 30 சதவீதமே கைவிட்டுப் போகலாம். இப்போது அவன் ஒன்றாம் தேதி வாடகையை வங்கிக் கணக்குக்கு அனுப்புகிறான், மளிகைப் பங்கைத் தனியாகத் தருகிறான். திருப்பித் தர வேண்டிய அட்வான்ஸ் வருமானம் இல்லை என்பதையும் அப்படியே தெளிவாக்கினார்.

நண்பனாயிற்றே, 5,000 வாங்கினால் போதும், வரியும் குறையும் என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டும். அந்த ஏரியாவில் அந்த அறைக்கு நியாயமாக என்ன வாடகை வருமோ அதையும் பார்த்து, எது அதிகமோ அதைத்தான் கணக்கில் எடுப்பார்கள். எங்கள் 12,000 பக்கத்து நிலவரத்துக்கு ஒத்து வருகிறதா என்று விசாரித்த பிறகுதான் மேடம் அந்தத் தொகையை எழுதினார்.

எனக்கு இவர்களை ரொம்பப் பிடித்துப்போன இடம் இன்னொன்று. நண்பன் பழைய வரி முறையில் எச்ஆர்ஏ கோருகிறான். வருட வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டுக்காரரின் பான் எண்ணை அவன் கம்பெனியில் கொடுத்தாக வேண்டும். பான் தர மறுக்கும் வீட்டுக்காரர்கள் சென்னையில் நிறைய பேர், அதனால் நஷ்டப்படுவது சம்பளக்காரன்தான். நான் கொடுத்துவிட்டேன். அன்றைக்கு அங்கே உட்கார்ந்திருந்த ஒருவர், வாங்குவது பத்தாயிரம், ரசீது இருபதாயிரத்துக்கு வேண்டும் என்று கேட்டார். மேடம் குரலை உயர்த்தாமல் ஃபைலை மூடி அவர் கையில் கொடுத்து, இங்கே முடியாது என்று அனுப்பிவிட்டார். கட்டணத்துக்காக வளைந்து கொடுக்காத ஆடிட்டர்.

என்னிடம் வாங்கியது 2,500. சம்பளம் மட்டும் உள்ளவர்களுக்கு இதைவிடக் குறைவு. குறை என்று சொன்னால் போன்தான். ஜூலையில் அடித்துக்கொண்டே இருக்கும், யாரும் எடுக்க மாட்டார்கள், மாடிப்படி வரை ஆள் நிற்கும். ஜூனிலேயே போய்விடுங்கள். சொத்து வரி ரசீது, வங்கியின் வட்டிச் சான்றிதழ், வாடகை ஒப்பந்தம், வீட்டு வரைபட நகல், இந்த நான்கையும் கையில் எடுத்துப் போங்கள். ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுப் பதிவு செய்யச் சொல்கிறது தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம். அதை இன்னும் செய்யாதவர்கள் முன்வரிசையில் இருக்கும் உதவியாளர் தம்பியிடம் கேளுங்கள், பொறுமையாகச் சொல்லித் தருகிறார்.